விளக்கைக் கெடுத்த கதை

எங்கள் வீட்டில் சண்டை வந்தாலும் நானும் மனைவியும் ஒரே ஃபேனுக்குக் கீழேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்த அறைக்குப் போய் இன்னொரு ஃபேனைப் போட்டுக் கோபப்பட அனுமதி கிடையாது. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. யோசித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிடுவாள். "சோப்பு இருக்க இடம் தெரியும்லா? பின்ன எதுக்கு லைட்டு?" என்பாள்.

சோறும் அப்படித்தான். அரிசி பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, பானையைச் சூடாறாப் பெட்டிக்குள் இறக்கிவிடுவாள். உள்ளே தெர்மோகோல் வைத்த பெட்டி. மீதி வேக்காடு அதற்குள்ளேயே நடக்கும். சூடு போகாமல் இருக்க மேலே என் வேட்டி ஒன்றைச் சுற்றிவைப்பாள். மழையில் துணி காயாத நாள்களில்கூடச் சோற்றுக்கு வேட்டி உண்டு. எனக்குத்தான் இருக்காது.

கரண்டை மிச்சம் பிடித்த வீட்டுக்குப் பரிசு என்று, நாங்கள் குடியிருக்கும் திருவனந்தபுரத்து ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் அறிவித்தது. எங்கள் வீடுதான் ஜெயித்தது. பில் என் பேரில் வருவதால் பரிசும் என் பேருக்கே வந்தது. செயலாளர் நேரில் வந்து, "சேட்டா, ஸ்டேஜில் கேறி ரெண்டு வாக்கு பறயணும்" என்று, மேடையேறி இரண்டு வார்த்தை பேசச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சாலை பஜாரில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறவன். வாடிக்கையாளரிடம்கூட அதிகம் பேசமாட்டேன்.

"வாயத் தொறக்காம வந்திராதீய. கைய வச்சு அணைச்சது பூரா நானாக்கும். அத நாலு பேருக்கு முன்னால சொல்லணும். தம்பியும் வாரான்" என்றாள் மனைவி.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி நான் யாரிடமும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்டதாகவும் சொன்னதில்லை. மொத்தத்தில் சொன்னதே இல்லை.

வருகிறவர்கள் எல்லோரும் மலையாளம் பேசுகிறவர்கள். அதனால் ஒரே ஒரு மலையாள வாக்கியத்தைத் தயார் செய்து, கடையில் ஆணிகளிடம் சொல்லிப் பழகினேன். ஆணிகள் எதிர்ப்பு ஒன்றும் தெரிவிக்கவில்லை.

மேடையில் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். விளக்கு, அடுப்பு என்று ஆரம்பித்தது எனக்கே கேட்கவில்லை. கடைசிப் பகுதி மட்டும் கணீரென்று வந்தது.

"எல்லாம் கெடுத்தியது என்றெ பார்யயாணு!"

மலையாளத்தில் கெடுத்துவது என்றால் அணைப்பது. எல்லாவற்றையும் அணைத்தது என் மனைவிதான் என்று சொன்னேன். கூட்டம் கைதட்டியது. மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்த அவள் தம்பி மட்டும் எழுந்துவிட்டான். அம்பாசமுத்திரத்துக்காரன், மலையாளம் தெரியாது.

"என்ன அத்தான் பேசுதீய? எங்க அக்கா எதக் கெடுத்தா?" என்று மேடையை நோக்கி வந்தான்.

வாழ்த்த வருகிறான் என்று நினைத்த செயலாளர், "பறஞ்ஞோ, பறஞ்ஞோ" என்று என்னிடமிருந்த மைக்கை வாங்கி அவனிடம் கொடுத்தார்.

"எங்க அக்கா கைபட்டு ஒரு பாலு திரிஞ்சது உண்டா? ஒரு தோச பிஞ்சது உண்டா? இவரு போட்டிருக்க சட்டையவே தேடுத ஆளு. இவரையே இத்தன வருசமா கெட்டுப்போகாம வச்சிருக்கா! அவளா கெடுத்தா?"

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். செயலாளர் என் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு, மனைவியை மேடைக்குக் கூப்பிட்டு அவளுக்குப் போர்த்திவிட்டார்.

அவள் தம்பியின் காதருகே குனிந்தாள். "எலே, இங்க கெடுத்துகதுன்னா அணைக்கதாக்கும்."

"அப்படியா? மொதல்லயே சொல்லிருக்கலாம்லாக்கா?"

"நீ பேசுனது கேக்க நல்லா இருந்துது. அதான் விட்டுட்டேன்."

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.