குழிக்கு உப்பு

மகள் ஷோபா வாங்கிக்கொடுத்த பாத்திரம் கழுவும் மெஷின் கொஞ்ச நாளாகச் சரியாகக் கழுவவில்லை. எந்தத் தட்டை எடுத்தாலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்தாலே அலமேலுவுக்குப் பழைய ஞாபகம் வரும். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் புருஷன் எத்திராஜின் முகத்தில் கல்தூசி அப்படித்தான் படிந்திருக்கும். ஒருநாள் சுரங்கத்துக்குள் பாறை சரிந்தது. அவர் உடல்கூட மேலே வரவில்லை. மூடிய அந்தச் சுரங்கத்தில் நிற்கும் தண்ணீர்தான் தன் வீட்டு போர்வெல்லிலும் வருகிறது என்று அவள் நம்பினாள்.

ரிப்பேருக்கு வந்த அனில், மெஷினுக்குள் அடியிலிருந்த மூடியைத் திருகினான்.

"உப்புத்தண்ணிம்மா. இந்தக் குழியில உப்பு போடணும்."

"உப்புத்தண்ணிக்கு உப்பா? இன்னாப்பா, வெளயாடறியா?"

"போட்டாதான் வெள்ள போவும். இந்தாங்க, பாக்கெட்டோட கொட்டுங்க."

அலமேலு பாக்கெட்டைப் பிரித்தாள். செத்தவரைப் புதைக்கும்போது குழியில் உப்பு போடுவார்கள். எத்திராஜுக்கு அதைப் போடக் குழியே இல்லாமல் போனது.

"முருகா" என்று முணுமுணுத்து, ஒரு பிடி அள்ளிப் போட்டாள். பிறகு இன்னொரு பிடி.

"கொட்டிடுங்கம்மா, நேரமாவுது."

"இருப்பா. கையாலதான் போடணும்."

உப்பு விழ விழ, உள்ளே நின்ற தண்ணீர் ததும்பி மேலே வந்து அவள் விரல்களைத் தொட்டது. அவள் கையை எடுக்கவில்லை.