டக்கெட் பாட்டில் விழுந்த அடி

அறுபத்திரண்டு வயதுவரை கறுப்பரான ஆல்ஃபியஸ் டக்கெட்டை எந்த வெள்ளைக்காரரும் "மிஸ்டர்" போட்டுக் கூப்பிட்டதில்லை. ஆகவே அந்த ஞாயிறு மதியம் பாஸ்டன் கல்லூரிக்காரர்கள் இருவர் வாசலில் நின்று "மிஸ்டர் டக்கெட்" என்றதும், தன் முதுகுக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தார். ஒரு சேவல்தான் நின்றது.

வந்தவர்கள் வாரனும் ஜூடித்தும். 1931இல் மெம்பிஸ் ஓட்டல் அறையொன்றில் ஆல்ஃபியஸ் ஒரே ஒரு ப்ளூஸ் பாட்டுப் பாடிப் பதிவு செய்திருந்தார். இசைத்தட்டு விலைபோகவில்லை. அவரும் மிசிசிப்பிக்குத் திரும்பிப் பருத்திக் காட்டில் டிராக்டர் ஓட்டப் போய்விட்டார். இப்போது இங்கிலாந்தில் நீளமுடிக்காரர்கள் நால்வர் அதை ராக் பாட்டாக்கி உலகையே ஆட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "அந்த டக்கெட் நான்தான்" என்று ஆர்கன்சாவில் ஒருவர் கிளம்பியிருக்கிறாராம். அசல் யாரோ அவரை வடக்கே விழா மேடைக்கு அழைத்துப்போகத்தான் இவர்கள் வந்திருந்தார்கள்.

மேடை கிடக்கட்டும். தன் பெயரை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு திரிவான் என்பதுதான் ஆல்ஃபியஸுக்கு நெஞ்சை அறுத்தது. கிதாரை எடுத்துப் பாடினார். வந்தவர்கள் முகம் சுருங்கியது.

"அந்த அடியக் காணோமே, மிஸ்டர் டக்கெட்" என்றான் வாரன்.

"எந்த அடி?"

வாரன் இங்கிலாந்துக்காரர்களின் தட்டைப் பாட்டுப்பெட்டியில் சுழலவிட்டான். முட்டையிட உட்கார்ந்த கோழிகள் அன்றைக்கு எழுந்து ஓடியவை, பதினோரு நாள் முட்டையிடவில்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆல்ஃபியஸுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. மூன்றாம் வரி முடிந்ததும் டிரம்மில் இடி விழுந்தது. அதன்பின் பாடகன் ஒரு முழு நிமிஷம் ஊளையிட்டான்.

"இது என் பாட்டா? என் பாட்டுல ஏதுப்பா இடி?"

ஜூடித் பழைய தட்டின் பதிவைப் போட்டுக் காட்டினாள். குரல் அவருடையதுதான். மூன்றாம் வரிக்குப் பின் 'தொப்' என்று ஓர் அடி. தாளம் ஒரு மூச்சு தடுமாறிவிட்டு நடந்தது. அந்த அடி சிறைக் கதவு சாத்தும் சத்தம் என்று வாரன் இருபது பக்கம் எழுதியிருந்தானாம். ஆல்ஃபியஸோ சிறை வாசலையே மிதித்ததில்லை. ஒருவேளை ஆர்கன்சாக்காரன்தான் டக்கெட்டோ என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

உள்ளே கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்த மனைவி ஓசெல்லா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"குளவிய்யா. மறந்துட்டியா? பாடுறப்ப கிதார் மேல குளவி உக்காந்துச்சுன்னு அடிச்சே. அது கொட்டிருச்சு. ஸ்ஸ்னு இழுத்துக்கிட்டே மிச்சத்தப் பாடுனேன்னு நீதானே சொன்னே? பன்னித்தொடை மாதிரி வீங்குன கையோட வந்து நின்னே. ரெண்டு வாரம் உனக்கு நான்தான் ஊட்டிவிட்டேன்."

ஜூடித் அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள். அடிக்குப் பின்னால், காதைத் தீட்டினால் மட்டும் கேட்கிற அளவுக்கு, ஒரு 'ஸ்ஸ்'. அதைப் பற்றி அவர்கள் இருவரும் அதுவரை வாயே திறக்கவில்லை. இங்கிலாந்துப் பாடகன் ஊளையாக நீட்டியது அதைத்தான்.

"இவருதான்" என்றாள் ஜூடித். வாரன் தன் இருபது பக்கத்தை நினைத்தோ என்னவோ, கொஞ்ச நேரம் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மேடையில் ஜனங்கள் அந்த அடிக்காகத்தான் காத்திருப்பார்கள், தட்டில் இருக்கிறபடியே வாசித்தால் நல்லது என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

ஆல்ஃபியஸ் முயன்றார். முதலில் முந்தி அடித்தார், அடுத்து பிந்தி அடித்தார். குளவி என்ன தாளம் எண்ணிக்கொண்டா வந்து உட்கார்ந்தது? ஜூடித் விரல்விட்டு எண்ணிக்காட்டினாள். மீன் ஆறியது. ஓசெல்லா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இன்னொருக்கா சொல்லும்மா" என்றார் ஆல்ஃபியஸ் ஜூடித்திடம், கிதாருக்கு மேல் கையை ஓங்கியபடி. "நான் எங்க அடிச்சேன்?"