மூடிய கதவின் இரண்டு பக்கமும்

இது நடந்தது. நம்பாவிட்டால் போகட்டும். குழாய் ரிப்பேர் செய்து பிழைக்கிற அந்த மனிதருக்குக் கதை கட்டத் தெரியாது.

அவரும் மனைவியும் அந்த நகரத்துக்குப் போனது மச்சினி வீட்டில் மூன்று நாள் தங்கி ஊர் சுற்றத்தான். மெட்ரோ இருவருக்கும் புதிது. ஒரு நாள் பாஸ் வாங்கினார்கள். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை எதிர்த் திசையில் போய், வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்றாவது ரயில். காலை 11:17. கூட்டம் நெட்டித் தள்ளியதில் மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் பையோடு வெளியே. கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாக அவள் சிரித்தாள். ஒரு விரலைக் காட்டினாள். அடுத்த ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று அர்த்தம்.

அப்போதுதான் அவள் பின்னால் ஒருவனைப் பார்த்தார்.

சாம்பல் நிறச் சட்டை. தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்...

அவன் அவள் பின்னலைப் பிடித்தான். கையில் ஒரு சுற்று சுற்றினான். இன்னொரு சுற்று. அவசரமே இல்லை.

டொம்.

அவள் முகம் கண்ணாடியில் மோதியது.

டொம். டொம்.

மூக்கு உடைந்தது. ரத்தம் வழிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர்கூடத் திரும்பவில்லை...

"டேய்! விடுடா அவளை!"

ரயில் நகர்ந்தது.

காவலாளியிடம் ஓடினார். "என் பொண்டாட்டியைக் கொல்றான் சார்!"

காவலாளி வயர்லெஸ்ஸில் கத்தினார். 11:21-க்கு அடுத்த ரயில். அந்த நான்கு நிமிடமும் அவர் உயிர் அவரிடம் இல்லை.

அடுத்த ஸ்டேஷன். பெஞ்சில் மனைவி. இரண்டு ஊழியர்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அவரைக் கண்டதும் பாய்ந்து வந்தாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவினாள்.

"உயிரோட இருக்கீங்களா? அவன் எங்க?"

"எவன்?"

"சாம்பல் சட்டை... உங்க பின்னாடி நின்னானே! பிடரியைப் பிடிச்சு கண்ணாடில அடிச்சான்ங்க. உங்க பல்லு உடைஞ்சு விழுந்துச்சு... நான் பார்த்தேன்!"



ஸ்டேஷன் அதிகாரி கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். கதவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். இருவரும் சிரிக்கிறார்கள். சரியாக ஒரே நொடியில் இருவரும் அலறுகிறார்கள்.

இருவர் பின்னாலும் அப்படி ஒரு ஆள் இல்லை.

ஊர் திரும்பினார்கள். ரயிலில் அது நடந்த ஐந்தாம் நாள் அந்த அதிகாரியே போன் செய்தார்.

"வீட்ல ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

"ஏன் சார்?"



"போன மாசமும் ஊர் பார்க்க வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி இதே புகார் கொடுத்தாங்க. அதே பிளாட்பாரம். அதே சட்டை. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் அக்கம்பக்கத்துக்காரங்க அவங்க வீட்டுக் கதவை உடைச்சிருக்காங்க. ரெண்டு பேரும்... சுவத்துல மோதியே... முகமே இல்லையாம் சார்."

"யாரு செஞ்சது?"

"கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு."

அன்றே மனைவியை அவள் அண்ணன் வீட்டில் விட்டு வந்தார். மணிக்கு ஒரு தடவை போன்.

"சாப்பிட்டியா?"

"ம்... நீங்க தாழ் போட்டீங்களா?"

"போடலை."

இன்று எட்டாம் நாள்.