என் மகளின் எழுத்தாளர்

போன சனிக்கிழமை எனக்கு ஒரு பெண்மணி மீது பொறாமை வந்தது. சாதாரணப் பொறாமை இல்லை... வயிறு எரிகிற பொறாமை!

நாங்கள் குடியேறியிருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பேட்டையில், எங்கள் வீட்டுப் பக்கத்து நூலகத்துக்கு பிரான்ஸிலிருந்து ஒரு நாவலாசிரியை வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். மலையூர் ஒன்றில் தபால்காரியாக இருந்தவர். கடிதம் கொடுக்கப் போன வீடுகளில் கேட்டதையெல்லாம் வைத்து இருபது நாவல் எழுதிவிட்டார். எல்லாமே அந்த ஒரே பள்ளத்தாக்குதான் — ஆட்டுப்பட்டி, எல்லை வேலி, பங்காளிச் சண்டை. பாரிஸ் பக்கம் கதை தலைவைத்தும் படுக்காது.

அதில் பதினான்கை என் மகள் ஆரபி வாசித்திருக்கிறாள்.

நானும் வருடக்கணக்காகத் தமிழ்ப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். அவள் எத்தனை வாசித்திருப்பாள்? ஒன்றுகூட இல்லை. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. யார் குற்றம்? அவளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போகாமல் வீட்டில் பத்தி எழுதிக்கொண்டிருந்த என் குற்றம்தான்!

கையெழுத்து வாங்க நீண்ட வரிசை.

"இவவுக்கு இவ்வளவு சனமா?" என்றேன்.

"அவ எழுதினா அந்த ஆக்கள் பக்கத்து வீட்டில இருக்கிற மாதிரி இருக்கும், அம்மா."

எங்கள் நிஜமான பக்கத்து வீட்டைப் பற்றியே நான் ஒன்பது பத்தி எழுதியிருக்கிறேன். வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தேன்.

எங்கள் முறை வந்தது. "நீயும் எழுதுவாயா?" என்று ஆரபியிடம் பிரெஞ்சில் கேட்டார் நாவலாசிரியை.

"இல்லை, அம்மாதான் எழுதுகிறார்."

"எதைப் பற்றி?"

ஆரபி என்னைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. "தெரியாது..." என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என் ஊரிலும் யாரும் என்னை வாசிப்பதில்லை. தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று மட்டும் தேடிப் பார்ப்பார்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் அழகாக இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரபி புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"அம்மா, நீங்கள் எழுதினதில ஒண்டு வாசிச்சுக் காட்டுங்கோ."

"இங்கயோ? பேந்து வீட்ட போய் வாசிக்கிறன்."

"இல்லை, இப்ப."

இந்த ஊரில் என் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதியதை போனில் தேடி எடுத்தேன். மேடையில் வாசிக்கிற குரலைத் தணித்து வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் ஆரபி 'களுக்'கென்று சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஐயோ அம்மா, நல்ல பகிடி! அந்த இடத்தைத் திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தேன். வாழ்க்கைத் தத்துவம் என்று நினைத்து நான் உருகி உருகி எழுதிய இடம் அது... அவளிடம் சொல்வேனா என்ன?