குற்றாலம் போன மேலப்பொத்தை பஸ்

எண்பத்திரண்டாம் வருஷம் ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தென்காசியில் இறங்கினேன். மதுரையிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டரை அந்தப் பஸ் நான்கரை மணி நேரமாக உருட்டிக்கொண்டு வந்திருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்தேன் என்றும் சொல்ல முடியாது, நனையவில்லை என்றும் சொல்ல முடியாது. கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் மலை பாதிதான் தெரிந்தது. சென்னையில் வெயிலில் வெந்து, தாம்பரம் ரயிலில் தொங்கி, ஒரு வாரம் லீவு வாங்கி வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

குற்றாலத்துக்கு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். டிக்கெட் எழுபத்தைந்து பைசா. பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் போர்டு மாட்டிய வண்டி உள்ளே நுழைந்ததும் நூறு துண்டுகள் ஜன்னல் வழியாகப் பறந்தன. துண்டு விழுந்த இடம் அவரவருக்குச் சொந்தம் என்பது சீசன் சட்டம். என் துண்டு டிரைவருக்குப் பின் சீட்டில் போய் விழுந்தது. பெருமையாக உட்கார்ந்தேன்.

எல்லோரும் ஏறி முடித்த பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஏறினார். வெள்ளைச் சேலை, கையில் குடை, தோளில் ஒரு பெரிய தெர்மாஸ் பிளாஸ்க். டிரைவரின் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, போர்ட மாத்துங்க. மேலப்பொத்தையில பிள்ளைக காத்துக் கெடக்கு."

டிரைவர் சுடலைமுத்துவுக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "நான் என்னம்மா செய்ய? சீசன் முடியுந்தட்டி எட்டே முக்கால் டிரிப்ப கட் பண்ணிட்டாவ. டைம்கீப்பர்ட்ட கேளுங்க."

அப்புறம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் துண்டு போட்டுப் பிடித்தது குற்றாலம் பஸ்ஸே இல்லை. மேலப்பொத்தை என்பது கடையம் சாலையில் ஆறு கிலோமீட்டர் போய், உள்ளே மூன்று கிலோமீட்டர் திரும்ப வேண்டிய ஊர். அந்த ஊரில் ராத்தங்கி, விடிந்ததும் தென்காசி வந்து, எட்டே முக்காலுக்குத் திரும்பிப் போகும் வண்டி இது. டிரைவருக்கும் அதே ஊர். சாரல் தொடங்கியதும் வண்டியின் நெற்றியில் ஒரு தகர போர்டைக் கம்பி போட்டு மாட்டிவிட்டார்கள். 'குற்றாலம் சிறப்புப் பேருந்து' என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான், ஒரு ஊருக்கு இருந்த ஒரே பஸ் போய்விட்டது.

அந்தப் பெண்மணி செண்பகவல்லி, சுற்று வட்டாரத்துக்கே நர்ஸம்மா. பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிக்கு நடுவே போலியோ சொட்டு மருந்து இருந்தது. பெரியாஸ்பத்திரி ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்திருக்கிறார். ஐஸ் பதினொரு மணிவரை தாங்கினால் அதிகம். கரைந்தால் மருந்து செத்தது என்று அர்த்தம்.

"இன்னைக்கு மூணாந்தவணை. ஒங்க பேத்திக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன்" என்றார் அவர். சுடலைமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

டைம்கீப்பர் விசிலோடு வந்தார். அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. "ஏம்மா, கூட்டத்தப் பாக்கேள்லா? ஊருக்குப் போறவன் நாளைக்கும் போவான். சீசனுக்கு வந்தவன் நாளைக்கு இருப்பானா?"

இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்? தினமும் போகிறவனுக்குப் பஸ் வேண்டாம், வருஷத்தில் ஒரு நாள் வருகிறவனுக்குத்தான் வேண்டும். பின்னால் இருந்து ஒரு குரல், "சீக்கிரம் எறங்குங்கம்மா, தண்ணி கொறைஞ்சிரும்" என்றது. அருவித் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடும் போலிருக்கிறது.

அவர் இறங்கினார். கோபம் என்னையும் இறக்கிவிட்டது. என் இரண்டாவது கால் தரையைத் தொடும் முன்பே என் இடத்தில் வேறொரு துண்டு விழுந்தது.

காலை ஒன்பது மணி. என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்தோம். கடையம் பஸ் ஒன்று வந்தது. படியில் இருந்த ஆட்களே படியை மறைத்தார்கள், அது நிற்காமலே போயிற்று. இன்னொரு கடையம் பஸ்ஸும் சீசனுக்குப் போய்விட்டதாம். ஸ்டேஷன் பக்கம் குதிரை வண்டி கிடைக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தால் சாணம் கிடந்தது, குதிரைகள் எல்லாம் குற்றாலத்துக்குச் சவாரி போயிருந்தன. ஒரு ஊரின் நாலு வழியையும் அருவிப் பக்கம் திருப்பிவிட்டு, அதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சி.

மிச்சம் சைக்கிள். வாடகைக் கடையில் மணிக்கு ஐம்பது பைசா. ஆனால் தெரியாத ஆளுக்கு வண்டி கிடையாது, உள்ளூர் ஆள் ஒருத்தர் பொறுப்புச் சொல்ல வேண்டும். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சவுகதான், குடுங்க" என்றார் நர்ஸம்மா.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"இப்பத்துலேருந்துதான். போதாதா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். வண்டி கிடைத்தது. "நீங்களே ஓட்டிப் போகலாமே சிஸ்டர், தினம் தினம் பஸ்ஸை நம்பாமல்?" என்று கேட்டேன்.

"ஓட்டப் படிச்சதில்ல சார். எங்க இலாகா இருவது வருசமா எனக்குக் குடுத்த வண்டி இந்தக் காலுதான்." சொல்லிவிட்டுப் பின் கேரியரில் ஒருக்களித்து ஏறி, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். "விடுங்க. ஊரு பேசினா பேசட்டும்."

ஊர் பேசவில்லை, போலீஸ் பேசிற்று. ஊர் எல்லையில் சீசன் வண்டிகளை ஒழுங்குபடுத்த நின்ற கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். சைக்கிளில் இரண்டு பேர் போவது குற்றம். நான் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குனிந்து பின் சக்கரத்து வால்டியூபைப் பிடுங்கிவிட்டார். காற்று புஸ்ஸென்று போனது. அதே நேரத்தில் எங்களைத் தாண்டி ஒரு குற்றாலம் ஸ்பெஷல் போயிற்று. பின் ஏணியில் ஆறு பேர், கூரைமேல் பத்துப் பேர்.

"அது கண்ணில் படவில்லையா?" என்று கேட்டேன்.

"அது சீசன் வண்டி சார்" என்றார் அவர், ஏதோ எனக்குப் பாடம் நடத்துவது மாதிரி. பிறகு நர்ஸம்மாவைப் பார்த்து, "நீங்களாவது பாத்து வரக்கூடாதா?" என்று வேறு கேட்டார்.

பெட்ரோல் குடிக்காத, புகை கக்காத, யாரையும் இடித்துத் தள்ளாத வண்டி நாட்டில் ஒன்று உண்டென்றால் அது சைக்கிள்தான். அதைத்தான் பிடித்துக் காற்றை இறக்குவார்கள். பஞ்சர் கடை தேடி ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம். கடையைத் திறக்கவே அரை மணி ஆயிற்று. அவர் அடிக்கடி பிளாஸ்க்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். முதலில் கலகலவென்று கேட்டது. வழியில் மத்தளம்பாறை ஊரைத் தாண்டியபோது தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

மேலப்பொத்தையை எட்டும்போது பதினொன்றேமுக்கால். மருந்து போடும் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு குழந்தைகூட இல்லை. மறந்துவிட்டார்களோ என்றேன்.

"மறக்கல. ஹாரன் கேக்கல" என்றார் நர்ஸம்மா. அந்த ஊரில் பஸ்தான் கடிகாரம். புதன்கிழமை ஊர் வளைவில் சுடலைமுத்து நீளமாக ஒரு ஹாரன் அடிப்பாராம். நர்ஸம்மா வண்டியில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். அது கேட்டால்தான் நடவுக்குப் போன பெண்கள் வரப்பில் படுத்திருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேட்காவிட்டால் அன்றைக்கு மருந்து இல்லை என்று நடவைத் தொடர்வார்கள்.

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். நான் விரலை விட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியே இல்லை. "கொஞ்சம் முன்னாடிதானே கரைந்தது? போட்டால் என்ன?" என்றேன்.

"போட்டா, போட்டாச்சுன்னு ஆயிரும் தம்பி. தாயும் நம்பிருவா, நானும் நம்பிருவேன். அது போடாம விடுததவிட மோசம்." சாராக இருந்த நான் எப்போது தம்பியானேன் என்று தெரியவில்லை. வேலியோரம் குழி தோண்டி அந்த ரோஸ் நிற மருந்தைக் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளினார். அடுத்த புதன்கிழமை மறுபடி முயல வேண்டும். அதற்குள் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்து கால் விளங்காமல் போகக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

வியாழக்கிழமை. குற்றாலம் வந்த குற்றத்துக்குக் குளித்தேன். அருவியைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை, எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது அருவியைத் தாண்டி ஒரு பொட்டலில் நின்ற பஸ்களைப் பற்றி. பதினொரு பஸ். ஒன்றிலும் ஆள் இல்லை. குளிக்கப் போனவர்கள் திரும்பி வரும்வரை நிற்கின்றன. எனக்கு ஒரு சந்தேகம். முதல் வண்டியின் தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பெயிண்டில் ஒரு ஊர்ப் பெயர். அடுத்ததில் கடையம். அதற்கடுத்ததில் ராயகிரி. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே போனேன். பதினொரு தகரத்துக்கு அடியிலும் பதினொரு ஊர் இருந்தது. பதினொரு ஊரில் எத்தனை பேர் அந்த நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களோ.

ஒன்பதாவது வண்டி மேலப்பொத்தை. சுடலைமுத்து சீட்டில் சாய்ந்திருந்தார். குழியில் மருந்தைக் கொட்டியதைச் சொன்னேன்.

"எம்மவ கேட்டுட்டாளாம். ஹாரன் அடிக்க எங்கப்பாவுக்குக் கை வரலையான்னு." வெளியே வரிசையாக நின்ற வண்டிகளைக் கையால் காட்டினார். "ஒரு டிரிப்பு அடிச்சிட்டு இங்கன மூணு மணி நேரம் சும்மா கெடக்கேன் சார். அதுக்குள்ள ஊருக்குப் போய்ட்டு வந்திரலாம். சொன்னா யாரு கேக்கா?"

அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வண்டி பற்றாக்குறை என்றால்கூட வாயை மூடிக்கொள்ளலாம். வண்டி இருக்கிறது, டீசல் இருக்கிறது, ஓட்டுகிறவருக்கு ஓட்ட ஆசையும் இருக்கிறது. தகரத்தைக் கழற்ற மட்டும் மனசு இல்லை.

அடுத்த புதன்கிழமை என் லீவு முடிந்தது. காலையில் குற்றாலத்திலிருந்து தென்காசிக்குச் சுடலைமுத்துவின் வண்டியிலேயே வந்தேன். ஒன்பது மணிக்கு எனக்கு மதுரை பஸ். ஸ்டாண்டில் அதே இடத்தில், அதே பிளாஸ்க்கோடு நர்ஸம்மா நின்றார். இந்தத் தடவை எங்கள் பஸ் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. நடந்தே போய்விடுவதென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றதும் சுடலைமுத்து இறங்கி முன்னால் போனார். கம்பியை அவிழ்த்துத் தகரத்தைக் கழற்றி, ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "இத வச்சிருங்க சார்" என்றார். பிறகு நர்ஸம்மாவிடம், "ஏறுங்க தாயி" என்றார்.

துண்டுகள் பறந்து வந்தன. "குத்தாலம் போவாது, மேலப்பொத்த" என்று கண்டக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏறியவர்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். டைம்கீப்பர் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். வண்டி அவரைத் தாண்டிப் போய்விட்டது. மதுரை பஸ் போனால் போகட்டும் என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் வளைவில் சுடலைமுத்து ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வயலில் குனிந்திருந்த முதுகுகள் நிமிர்ந்தன. முழங்கால்வரை சேறோடு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடம்வரை போகவே இல்லை, பஸ் படியிலேயே வைத்து ஒவ்வொரு வாயாகத் திறந்து சொட்டு விட்டார் நர்ஸம்மா. பிளாஸ்க்கில் ஐஸ் கலகலத்தது. சுடலைமுத்துவின் பேத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது. அவர் சீட்டிலிருந்தே கண்ணாடியில் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் கண் கலங்கிற்று.

பதினொரு மணிக்குத் தென்காசிக்குத் திரும்பினோம். டைம்கீப்பரோடு இன்னொரு அதிகாரியும் காத்திருந்தார். சுடலைமுத்துவை இறக்கிவிட்டு வேறு டிரைவரை ஏற்றினார்கள். என் மடியிலிருந்த தகரத்தை வாங்கி மறுபடி மாட்டினார்கள். நான் சண்டை போட்டேன், நர்ஸம்மா அதைவிடப் பலமாகப் போட்டார். எங்களை யார் மதித்தார்கள்? "சஸ்பெண்டுக்கு எழுதியாச்சு, நீங்க ஒங்க பஸ்ஸப் பாருங்க" என்றார் டைம்கீப்பர்.

இங்கே சென்னையில் தாம்பரம் ரயில் ஆறு நிமிடம் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையை நாங்கள் முற்றுகை இடுகிறோம், மறுநாள் பத்திரிகையில் வருகிறது. மேலப்பொத்தைக்கு ஒரு மாதமாகப் பஸ்ஸே வரவில்லை, அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

சுடலைமுத்து செய்த குற்றம் என்னவென்று கேட்டேன். வண்டியை வழித்தடம் மாற்றி ஓட்டினாராம். அந்த மாதத்தில் அந்தப் பஸ் தன் வழித்தடத்தில் ஓடியது அன்றைக்கு ஒரு நாள்தான்.