பெட்டிக்குள் ஓடிய இரைச்சல்

தூக்குச்சட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே கைபேசி வைக்க ஒரு பள்ளம், சுற்றிலும் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள். மூடினால் உள்ளுக்குள் ஓயாத இரைச்சல் ஓடும். கைபேசியின் மைக்குக்கு வேறெதுவும் எட்டாது. வெளியே இருக்கும் நமக்கோ சத்தமே தெரியாது. இணையம் கிடையாது, சிம் கிடையாது, பேட்டரி மட்டும்தான். தென்காசியில் நான் ஜூனியராக இருந்த வக்கீலம்மா அதை மேசையில் வைத்தபோது, இந்த ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அப்போது அச்சன்புதூரிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கணவன் அடித்ததில் ஒரு காது மந்தமாகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். எங்கள் அறையில் பேசுவதெல்லாம் எப்படியோ அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலகரத்தில் அவளுக்கு ரகசியமாக வீடு பார்த்தோம். சாமான் இறக்கப் போனால் வாசலில் அவன் நிற்கிறான். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி மறுநாளே பின்வாங்கினாள். “ஏட்டி, நீ யார்ட்டயும் வாய விட்டியா?” என்று வக்கீலம்மா என்னிடமே கேட்டார்.

பெட்டி வந்தபின் முதல்முறையாக அவள் வந்தாள். வழக்கம்போல் அண்ணன்தான் பைக்கில் கூட்டிவந்து, எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். அவள் போனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் பேசினோம். குற்றாலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அவளைச் சேர்ப்பதென்று முடிவானது. போன் பெட்டியிலேயே இருக்க, நாங்கள் வாசலுக்கு வந்ததும் அண்ணன் எழுந்து வந்தான், காதில் இயர்போனோடு.

“என்னட்டி, உள்ள பைப்பு ஏதும் ஒடஞ்சிட்டா? ஒரே அருவிச் சத்தமால்லா கேக்குது.”

நான் மேசைமேல் மூடியே இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். வக்கீலம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். அவள் மட்டும் நல்ல காதை அவன் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்டாள்: “நீ எங்கன இருந்து கேட்ட, அண்ணே?”

அவன் கை தானாக இயர்போனுக்குப் போனது. “மாப்ளதான் ஒம் போன்ல எதையோ போடச் சொன்னாவ. குடும்பம் பிரிஞ்சிரக் கூடாதுன்னுதாம்ட்டி…”

காதில் ரத்தம் வழிய அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இவன்தான். அவள் அழவில்லை. பெட்டியிலிருந்து போனை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வக்கீலம்மாவின் காரில் ஏறினாள்.

வழக்கு அவள் பக்கமே முடிந்தது. விடுதியை விட்டு வேறு ஊர் போய்விட்டாள். இன்றும் அண்ணன் பொங்கலுக்கு முன்னால் கரும்பும் பச்சரிசியும் புதுச்சேலையுமாக அலுவலகத்துக்கு வருகிறான். “அவட்ட குடுத்திருங்க” என்கிறான். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.