அட்சதை விழுமே என்று மூடினேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், மறதியும் உண்டு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்தில் என் மகன் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது போன் வந்தது. நாயனக்காரர்கள் வந்த வேன் குத்தாலத்துப் பக்கம் நின்றுவிட்டதாம், நேரத்துக்கு வர முடியாதாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. தாலி ஏறும்போது ஒரு தும்மல், ஒரு அழுகை காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்?

சின்ன மகள் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவள். சாயந்தர வரவேற்புக்காகக் கீபோர்டும் லேப்டாப்புமாக வந்திருந்தாள். "நான் வாசிக்கிறேம்மா. நிஜத் தவில், நிஜ நாயனம், ஒவ்வொரு அடியா பதிவு பண்ணினது இதுல இருக்கு" என்று கட்டையை அமுக்கினாள். சத்தம் ஒரு நொடி கழித்து வந்தது. எனக்குத் திக்கென்றது.

"என்னடி, முடிச்சு போட்டப்புறம் மேளமா?"

"சத்தமெல்லாம் டிஸ்க்ல கிடக்கும்மா. அமுக்கினப்புறம்தான் அங்கேருந்து எடுத்துட்டு வருது. முன்னாடியே மெமரியில ஏத்தி வச்சுட்டா உடனே வரும்."

இலையில் உட்கார்ந்தவர் அப்பளம் கேட்ட பிறகு உக்கிராணத்துக்கு ஓடுகிற கதை. அது எனக்குப் புரிந்தது. வயலின், சித்தார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தவிலையும் நாயனத்தையும் மட்டும் முழுசாக ஏற்றினாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நிரம்பியது. கால் மணிக்கு மேல் ஆனது. அப்புறம் விரல் படும்போதே அடி விழுந்தது. அவள் புடவை மாற்றப் போனாள்.

மேடை ஓரத்தில் லேப்டாப் திறந்தே கிடந்தது. அட்சதைத் தட்டு வந்துகொண்டிருந்தது. மஞ்சள் அரிசி உள்ளே விழுந்துவிடுமே என்று நான்தான் மூடினேன். மேலே ஒரு துண்டும் போட்டேன்.

திரும்பி வந்தவள் முகம் வெளுத்துவிட்டது. மூடினால் அணைந்துவிடும்படி வைத்திருந்தாளாம். "அணைஞ்சா மெமரியில ஏத்தினது ஒண்ணும் இருக்காதும்மா" என்றாள். தாலித் தட்டு சபையில் சுற்றப் போய்விட்டது.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, மேளம் பொட்டியில வருமா, நாங்க வாயால வாசிக்கணுமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள் நிமிரவே இல்லை. "முழுசா ஏத்த நேரமில்ல. ஒவ்வொரு சத்தத்துக்கும் தலைப்பக்கம் மட்டும் ஏத்தறேன். அது ஒலிச்சு முடியறதுக்குள்ள மிச்சம் டிஸ்க்லேருந்து வந்துடணும். வரலைன்னா நடுவுல திக்கும்."

ஒரே சத்தத்துக்குத் தலை ஓர் இடம், உடம்பு ஓர் இடமா? பந்தியில் முதல் சுற்றுக்கு மட்டும் வாளியில் எடுத்துக்கொண்டு, அவர்கள் சாப்பிடுவதற்குள் மிச்சத்தைக் கொண்டுவரச் சொல்வோம், அதெல்லாம் நான் செய்ததுதான். ஆனால் சாம்பார் வேறு, சத்தம் வேறு இல்லையா?

ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மண்டபம் அதிர்ந்தது. கடைசிவரை திக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மூன்று முடிச்சும் விழுந்திருந்தது. என் கையில் அட்சதை அப்படியே இருந்தது, போட மறந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. மேளம் முதல் முடிச்சுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? மகளைக் கேட்டால் சிரிக்கிறாள். கல்யாண வீடியோ வைத்திருப்பவர்கள் யாராவது அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க், மெமரி என்று எழுதியதையும் தெரிந்தவர்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.